பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைக்கு முறுக்கு கொடுக்கலாமா?

கேள்வி: மகளுக்கு 13 வயது. பல்லுக்குக் கம்பி போட்டுப் பத்து நாள் ஆகிறது. முதல் நான்கு நாள் கஞ்சிதான் குடித்தாள். இப்போதும் இட்லி, தயிர்சாதம் தாண்டி எதைத் தொடவும் பயப்படுகிறாள். கிளினிக்கில் கொடுத்த தாளில் பாப்கார்ன், பேகல், கேரமல், ஐஸ்கட்டி கூடாது என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அதெல்லாம் வாங்குவதே இல்லை. மாமியார் “பிள்ளை எலும்பாப் போச்சு, கழட்டிப் போட்டுட்டு வா” என்கிறார். தீபாவளி வேறு வருகிறது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பதில்:

அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன், குற்றம் பல் டாக்டர்களான எங்கள் பக்கம்தான். கம்பி வைத்தியத்துக்கு இன்றைய உருவம் கொடுத்தவர் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர். 1928-ல் அவர் வெளியிட்ட, செவ்வகப் பள்ளம் வைத்த பிராக்கெட்டின் (பல்லில் ஒட்டி வயரைத் தாங்கும் சின்னத் துண்டு) பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் மகள் பல்லில் ஒட்டியிருப்பவை. வைத்தியம் வந்தபோது அந்த ஊர்ச் சாப்பாட்டுத் தாளும் கூடவே வந்துவிட்டது. மதுரையில் இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் அதே தாளைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, “பேகல்னா என்னன்னே தெரியாது சார், அதைக் கொடுக்கவும் இல்ல, அப்புறம் எப்படிக் கம்பி பிஞ்சுச்சு?” என்று கேட்டார். விசாரித்தால், பிள்ளை தின்றது பொரிவிளங்காய் உருண்டை. அம்மிக்கல்லோடு போட்டி போடக்கூடிய பண்டம். தாளில் அதன் பெயர் இல்லை. அன்றோடு அந்தத் தாளை நிறுத்திவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில் ஒரே வரியில் இதுதான்: முன்பல் செய்கிற வேலையைக் கை செய்யட்டும். ரொட்டிக்குள் வைத்துக் கடித்துத் தின்கிற ஊர்களில் முன்பல்தான் கத்தி. அதை நிறுத்தச் சொன்னால் பாதிச் சாப்பாடு நின்றுபோகும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சோற்றைப் பிசைகிறோம், தோசையைப் பிய்க்கிறோம், மீனில் முள்ளை விரலால் தடவி எடுக்கிறோம், கறியை எலும்பிலிருந்து உருவுகிறோம். வாய்க்குப் போகும்போது பாதி மென்றது மாதிரிதான் போகிறது. கம்பி போட்ட பிள்ளை இன்னும் கொஞ்சம் சின்னதாகப் பிய்த்து, நேராகக் கடைவாய்ப் பக்கம் வைக்கப் பழகினால் போதும். நம் வீட்டுச் சமையலில் முக்கால்வாசிக்குத் தடையே இல்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிராக்கெட்டை ஒட்டும் பசை வேண்டுமென்றே மிதமான பிடிப்போடுதான் இருக்கிறது. பல்லின் எனாமலை 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தால் அரை நிமிஷத்துக்குள் சொரசொரப்பாக்கி, அந்த நுண்துளைகளில் பிசினை இறங்கவிட்டு, நீல ஒளி காட்டி இறுக வைக்கிறோம். இதற்கு 6 முதல் 8 மெகாபாஸ்கல் (பிடிப்பின் வலுவை அளக்கும் அலகு) பிடிப்பு போதும் என்பது 1975-லிருந்து எங்கள் துறையில் புழங்கும் கணக்கு. பிராக்கெட்டின் அடிப்பரப்பை ஏறக்குறைய 10 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பக்கவாட்டில் ஆறேழு கிலோ எடை தொங்கினால் பிய்ந்துவிடும் அளவு. இன்னும் வலுவான பசை கிடைக்காமல் இல்லை. வைத்தியம் முடிந்து கழற்றும்போது எனாமலும் பெயர்ந்து வரக் கூடாதே, அதற்காகத்தான் இந்த அளவு. கடைவாயில் நாம் கடிக்கும் விசை இதைப்போலப் பல மடங்கு. ஒரு சீடை கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் உருண்டு கீழ்ப்பல் பிராக்கெட்டின் விளிம்பில் போய் முட்டினால், பசை பாவம் என்ன செய்யும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். அந்த எனாமலில் பசை பிடிப்பதே சிரமம். அவர்கள் மற்றவர்களைவிட இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 42 வயதில் நானே கம்பி போட்டுக்கொண்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் ஒரு தடவை அனுபவித்துப் பார்ப்போமே என்று கொஞ்சம், கீழ்வரிசை நெருக்கம் தாங்காமல் மீதி. மூன்றாம் மாதம் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசையில் என்னிடம் கம்பி போட்டுக்கொண்ட பிள்ளையும் அதன் அப்பாவும். பிரியாணியில் கறித்துண்டு என்று நினைத்துக் கடித்தது பட்டை. ‘டக்’ என்று காதுக்குள் ஒரு சத்தம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வயர் நுழையும் சின்னக் குழாய் கழன்று, வயரில் கோத்தபடி கன்னத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தேன். அந்தப் பிள்ளை, “டாக்டர், நீங்க கடிக்கக் கூடாததைக் கடிச்சிட்டீங்களா?” என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டது. அன்றிலிருந்து பிரியாணி என்றால் பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்றையும் முதலில் இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுத்தான் கை வைக்கச் சொல்கிறேன். ஊறுகாயில் ஆவக்காயின் ஓடு, சோற்றில் தப்பிவந்த சிறுகல், பொங்கலில் முழு மிளகு எல்லாம் இதே ஜாதிதான். கண்ணுக்குத் தெரிந்த முறுக்கைவிட, மெத்தென்ற சாப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கடினங்கள்தான் அதிகம் பிய்க்கின்றன என்பது என் நாற்காலி அனுபவம்.

இனி முதல் வாரம். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள் என்றாலும், ஒவ்வொரு தடவை வயர் மாற்றும்போதும் இரண்டு மூன்று நாள் இதன் சின்னப் பதிப்பு திரும்ப வரும். கம்பி போட்ட நாலைந்து மணி நேரத்தில் வலி தொடங்கும், மறுநாள் உச்சத்தில் இருக்கும், மூன்றாம் நாளுக்கு மேல் இறங்கும், ஒரு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் தடிமன் சொச்சத்தில் ஒரு நார்மெத்தை இருக்கிறது. வயர் தள்ளும்போது ஒரு பக்கம் அந்த மெத்தை நசுங்குகிறது, அங்கே வீக்கம் உண்டாகிறது. அந்த வீக்கம்தான் எலும்பைக் கரைக்கும் செல்களைக் கூப்பிடுகிறது. பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகர்கிறது. ஆக, வலி என்பது வேலை நடப்பதன் சத்தம். வலி மாத்திரை தேவைப்பட்டால் எங்களில் பலரும் பாராசிட்டமாலையே சொல்வது இதனால்தான். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வீக்கத்தையே அடக்குவதால், நாள்கணக்கில் தொடர்ந்து போட்டால் பல் நகர்வும் மந்தப்படலாம் என்ற கவலை உண்டு. அளவை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் கஞ்சி ஒன்றே கதி என்று இருக்க வேண்டியதில்லை. குழைய வடித்த சோற்றில் பருப்பும் நெய்யும், ரசம் ஊற்றிக் கரைத்த சோறு, இடியாப்பத்தில் தேங்காய்ப்பால், ஆப்பத்தின் நடுப்பகுதி, கேப்பைக்கூழ், கம்பங்கூழ் மோர் விட்டு, கீரை மசியல், முட்டைப் பொடிமாஸ், நன்றாக வெந்த மரவள்ளிக்கிழங்கு, நுங்கு, சப்போட்டா, பப்பாளி. அசைவம் சாப்பிடுகிற வீடென்றால் சுறாப்புட்டு. மென்றாக வேண்டியதே இல்லை, புரதமும் சேர்ந்துவிடும். கஞ்சியை மட்டும் குடித்து வைத்தால் வயிறு நிறைந்தது மாதிரி இருந்து இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். பசித்த பிள்ளை பிஸ்கட் டப்பாவைத் திறக்கும். அந்தச் சனியனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சூடு பற்றி ஒரு விஷயம். தொடக்கத்தில் போடும் வயர் நிக்கல் டைட்டானியம் கலவை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1960-களில் கவனத்துக்கு வந்த உலோகம். 1970-களில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதைப் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். வளைத்தாலும் தன் பழைய வளைவை மறக்காது. இதில் சில வகை வயர்கள் குளிர்ந்தால் தளரும், சூடு பட்டால் விறைக்கும். அதனால் வலி தாளாத நேரத்தில் குளிர்ந்த மோரையோ பானைத் தண்ணீரையோ வாயில் கொஞ்சம் வைத்திருந்து விழுங்கினால் பல் லேசாக விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். கொதிக்கக் கொதிக்க ரசம் குடித்தால் “இறுக்குது” என்று பிள்ளை சொன்னால் அது பாசாங்கு இல்லை. ஆனால் ஐஸ்கட்டியைக் கடிக்கக் கூடாது. தாளில் இருந்ததில் உங்கள் வீட்டுக்கும் பொருந்துவது அந்த ஒன்றுதான்.

பத்து நாளாகியும் பயப்படுகிறாள் என்றீர்கள். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மேல்பல் கீழ்ப் பிராக்கெட்டில் இடிக்காமல் இருக்கக் கடைவாய்ப் பல்லின் மேல் நீலமாகவோ பல்நிறத்திலோ மேடு மாதிரி சிமெண்ட் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைத்திருந்தால் வாயை மூடும்போது இரண்டே புள்ளிதான் தொடும். மெல்ல முடியாமல் அப்படியே விழுங்குவாள். இதற்குப் பயம் காரணமில்லை, மெல்லும் தளமே இல்லை. சில வாரங்களில் பல் இறங்கிப் பழகிவிடும். அதுவரை குழைவாகவே போகட்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் வெறும் பயம்தான். அதற்கு என் வைத்தியம் தோசை. முறுகல் வேண்டாம், ஊத்தப்பம் மாதிரி மெத்தென்று ஒன்று வார்த்து, அவளையே ஐந்து பைசா அளவில் பிய்த்துச் சாம்பாரில் முக்கி வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி மெல்லச் சொல்லுங்கள். ஒரு தோசை முழுதாக இறங்கிவிட்டால் மறுநாள் சப்பாத்தி கேட்பாள்.

சப்பாத்தியைவிடப் பரோட்டாவைப் பற்றித்தான் பிள்ளைகள் கேட்பார்கள். சூடாக, சால்னாவில் ஊறியது பிரச்சினையில்லை. ஆறிப்போய் ரப்பராக இழுக்கிறதைப் பல்லால் கவ்விப் பிய்த்தால் பிராக்கெட் அதோடு போகும். கொத்து பரோட்டாவைப் பார்த்தால் கம்பி போட்டவர்களுக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போலத் தோன்றும்; இரும்புத் தகடு நமக்காக மென்று கொடுத்துவிடுகிறது. தினமும் தின்னச் சொல்லவில்லை, எண்ணெய்க் கணக்கு தனி.

முருங்கைக்காயை நாம் சாப்பிடும் விதமே பல்லால் வழித்து இழுப்பது. பிராக்கெட்டுக்கு இதைவிடக் கேடு கிடையாது. காயைப் பிளந்து உள்சதையைக் கட்டைவிரலால் வழித்துச் சோற்றோடு பிசைந்துகொண்டால் முடிந்தது விஷயம். மட்டன் எலும்பு கடிப்பது, நண்டுக்கால் உடைப்பது, கோழிக்காலைக் கவ்விப் பிடித்துப் பிய்ப்பது எல்லாம் ஒன்றரை இரண்டு வருஷத்துக்கு லீவில் போகட்டும். கறியைக் குக்கரில் இரண்டு விசில் கூட விட்டு நார்நாராக உதிர்த்துப் போடுங்கள். கொண்டைக்கடலைச் சுண்டலும் அப்படியே, விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். கீரையைத் தண்டோடு பொரியல் பண்ணினால் நார் வயரில் சுற்றிக்கொண்டு, எடுக்க எடுக்க நீளும். பொடியாக நறுக்கி மசித்துவிட்டால் அந்த அவஸ்தை இல்லை.

பழங்களைக் கடிக்காமல் நறுக்கித் தின்றால் பெரும்பாலும் எல்லாமே சரி. கொய்யா மட்டும் இரட்டைத் தொல்லை. தோல்பக்கம் கடினம், உள்ளே விதை குண்டுமணி மாதிரி. பழுத்ததாகப் பார்த்து விதையைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள். பச்சை மாங்காயைக் கீற்றாகப் போட்டு மிளகாய்ப்பொடி தடவி நறுக்கென்று கடிப்பது என் பலவீனமும்கூட. துருவித் தாளித்துச் சாப்பிட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன். சோளக்கதிரை உதிர்த்துக் கொடுங்கள். நெல்லிக்காயைத் துருவித் தயிர்ப்பச்சடி. இலந்தை, நாவல் போன்றவற்றில் கொட்டை எங்கே என்று தெரிந்தே மெல்ல வேண்டும்.

இப்போது தீபாவளி. பலகாரத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொல்கிறேன். ஓமப்பொடி தாராளமாக. தேன்குழல் வாயில் கரைகிற பதத்தில் இருந்தால், சுண்டுவிரல் நகம் அளவு ஒடித்து. கைமுறுக்கு, மணப்பாறை முறுக்கு, தட்டை, சீடை, காராசேவு இவற்றை வறட்டுக்குக் கடிக்கக் கூடாது. முறுக்கை நொறுக்கிக் கெட்டி மோரிலோ பாலிலோ ஐந்து நிமிஷம் ஊறவிட்டால் நல்ல பண்டம். தயிர்வடை தின்கிறவர்களுக்கு இதில் கூச்சம் எதற்கு? மிக்சரில் பூந்தியும் ஓமப்பொடியும் பொறுக்கித் தின்னலாம், வறுத்த கடலையையும் பொட்டுக்கடலையையும் தம்பிக்குக் கொடுத்துவிடலாம். மெதுவடைக்கு மொறுமொறு ஓரத்தைப் பிய்த்துவிட்டால் தடையில்லை. மசால்வடையில் முழுப் பருப்பு கல்லாக நிற்கும், வேண்டாம். அதிரசம் சுட்ட அன்று மெத்தென்று இருக்கும், பிட்டுப் பிட்டுத் தின்னலாம்; மூன்றாம் நாள் இறுகிவிடும். நெய் ஒழுகும் மைசூர்பாகு சரி, பொறைபொறையாக உடைகிற பழைய வகை கூடாது. லட்டில் கல்கண்டும் கிராம்பும் இருக்கிறதா என்று உதிர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட், பொரிவிளங்காய் உருண்டை ஆகிய நால்வருக்கும் கம்பி கழற்றும் நாள்வரை வீட்டுக்குள் அனுமதி இல்லை. கடினமும் ஒட்டலும் சேர்ந்தவை இவை. கடினம் உடைக்கும், ஒட்டல் இழுக்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் கடைவாய்ப் பல்லைச் சுற்றி மாட்டிய உலோக வளையமே சில நேரம் கழன்று வரும்.

தைப்பொங்கலுக்குக் கரும்பைக் கடித்து உரிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். சாறு பிழிந்து ஒரே மூச்சில் குடித்து வாய் கொப்பளிக்கட்டும். பனங்கிழங்கை நாரோடு கடிக்காமல், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் செய்வது மாதிரி நார் எடுத்துப் பச்சைமிளகாய், உப்பு சேர்த்து உரலில் இடித்துக் கொடுங்கள். கம்பி இல்லாதவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

இதுவரை சொன்னது உடைவதைப் பற்றி. உடைந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். நான் உண்மையில் பயப்படுவது பிஸ்கட்டுக்கு. மெத்தென்று இருக்கிறது, பல்லுக்குக் கெடுதலில்லை என்று நினைத்துத் தாய்மார்கள் கொடுப்பது பிஸ்கட், கேக், சத்துமாவுப் பானம், டீயில் தோய்த்த ரஸ்க். சாப்பாடு இறங்கவில்லையே என்ற கவலையில் இரண்டு மணிக்கொரு தரம் கொடுப்பார்கள். மாவும் சர்க்கரையும் குழைந்து பிராக்கெட்டைச் சுற்றி அப்பிக்கொள்ளும். வாயிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக்கும். பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் இருந்து கால்சியம் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்டி மேலே கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்துவிட்டால் பல் நாள் முழுக்க அமிலத்தில்தான் ஊறுகிறது. கம்பி போட்ட நாலாவது வாரத்திலேயே பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளைத் தழும்பு தெரியத் தொடங்கிவிடலாம். கம்பியைக் கழற்றும் நாளில் பல் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிச் சட்டம் போட்ட மாதிரி வெள்ளைக்கறை. கண்ணாடியைப் பார்த்து அழுத பிள்ளைகள் உண்டு. அதை முழுதாகப் போக்குவது கடினம்.

எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு ஒட்டும் என்பதே பெரிது என்று காட்டியது ஸ்வீடனில் லுண்ட் அருகே விப்பேஹோல்ம் என்ற மனநல மருத்துவமனையில் நடந்த ஆய்வு. முடிவுகள் 1954-ல் வந்தன. சாப்பாட்டோடு இனிப்பு தின்றவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது, சாப்பாடுகளுக்கு நடுவே டாஃபி தின்றவர்களுக்குக் கடுமையாக ஏறியது. அங்கிருந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்காமல் செய்த ஆய்வு அது, இன்று யாரும் அப்படிச் செய்ய விடமாட்டார்கள். ஆனாலும் இனிப்பு பற்றி நாங்கள் சொல்லும் அறிவுரை இன்றுவரை பெரும்பாலும் அந்த முடிவின் மேல்தான் நிற்கிறது. ஆகவே திருநெல்வேலி அல்வாவை மதியச் சாப்பாட்டோடு ஒரு கரண்டி தின்றுவிட்டு வாய் கொப்பளிக்கிற பிள்ளையை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நாலு மணிக்கு இரண்டு, ஐந்து மணிக்கு இரண்டு என்று கிரீம் பிஸ்கட் கொறிக்கிற பிள்ளையைத்தான் திட்டுவேன். நடுவேளைக்குச் சுண்டல், அவித்த முட்டை, மோர், வாழைப்பழம் இவற்றில் ஒன்று போதும்.

மஞ்சள் விஷயம் யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை. பிராக்கெட்டையும் வயரையும் கட்டிவைக்கும் குட்டி ரப்பர் வளையங்கள் பாலியூரித்தேன். மஞ்சளின் நிறச்சத்தான குர்குமின் எண்ணெயில் கரைந்து அதற்குள் ஊறிவிடும். நிறமில்லாத ரப்பர் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற காலேஜ் பெண்கள், இரண்டே சாம்பாரில் பல்லெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதென்று மறுநாளே போன் செய்வார்கள். இளநீலம் போட்டால் இன்னும் வேடிக்கை, பச்சையாகிவிடும். தேய்த்தால் போகாது. அடுத்த முறை மாற்றும்போதுதான் போகும், அது 4 முதல் 6 வாரம். அடர்நீலம், சாம்பல், மெரூன் கேட்டு வாங்குங்கள். போட்டோ எடுக்க வேண்டிய விசேஷம் இருந்தால் ரப்பர் மாற்றிய முதல் மூன்று நாள் மோர்க்குழம்பையும் மீன்குழம்பையும் தள்ளிவையுங்கள், அவ்வளவுதான். பல்லுக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

கடுகு இன்னொரு உள்ளூர் எதிரி. தாளித்த கடுகு ஒன்று வயருக்கும் பல்லுக்கும் நடுவே போய் உட்கார்ந்தால் நாக்கு நாள் முழுக்க அதையே தேடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் பிரஷ் பண்ணச் சொன்னால் எந்தப் பிள்ளையும் பண்ணாது. தண்ணீர் பாட்டிலில் இரண்டு வாய் எடுத்து, கன்னம் உப்ப அழுத்திக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் வந்துவிடும். மீதிக்குப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும், வயருக்கு அடியில் விட்டு எடுக்கலாம். குண்டூசி, ஹேர்பின் வேண்டாம். இரவில் புளோரைடு பேஸ்ட்டால் பிராக்கெட்டுக்கு மேல்பக்கம் ஒரு தடவை, கீழ்பக்கம் ஒரு தடவை என்று நீங்களே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே மாட்டுகிற ரப்பர் கொடுக்கும்போது, சாப்பிடக் கழற்றியதைத் திரும்ப மாட்ட மறப்பார்கள். மதியம் கழற்றியது ராத்திரி வரை பாக்கெட்டிலேயே கிடந்தால் அந்த மாதம் வீண்.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. அப்பத்தாவின் கவலையில் நியாயம் இருக்கிறது, முதல் இரண்டு வாரத்தில் பிள்ளை கொஞ்சம் இளைப்பது சகஜம். அவரிடமே சமையல் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். வாயில் கம்பி உரசி வெண்புண் வந்திருந்தால் புளியும் காரமும் எரியும். அதற்கு மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் கூட்டு வைக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடவே உரசுகிற இடத்தில் கிளினிக்கில் கொடுத்த மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி, பிராக்கெட்டைத் துடைத்துவிட்டு அதன் மேல் அழுத்திவையுங்கள். தெரியாமல் விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு வாரம் தாண்டியும் எடை இறங்கிக்கொண்டே போனால் அது கம்பியின் கணக்கில் வராது, குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஏதாவது கழன்றால் திட்டாதீர்கள். திட்டு வாங்கும் பிள்ளை அடுத்த முறை மறைத்துவிடும். பிராக்கெட் கழன்ற பல் நின்ற இடத்தில் நிற்காது, வந்த வழியே கொஞ்சம் திரும்பிப் போகும். அதைப் பிடிக்க மறுபடி மெல்லிய வயருக்கு இறங்க வேண்டும், ஒரு மாதமோ இரண்டோ கூடும். கழன்றதை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு அன்றோ மறுநாளோ போன் செய்துவிட்டுப் போங்கள். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். விழுங்கும்போது இருமலோ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் மட்டும் பல் டாக்டருக்குக் காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்புறம், அடுத்த வயர் மாற்ற எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு நாளில் விழுந்தால் உடனே போன் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு வாரம் முன்னால் அல்லது பண்டிகை முடிந்த மறுநாள். அந்த வாரத்தில் எங்கள் கிளினிக்கில் வருகிற போன்களில் பாதி இதற்காகத்தான்.